லேசான அறிவுசார் குறைபாடு: பள்ளிப் பிள்ளைக்குச் சட்டப்படி என்னென்ன உண்டு?

கரும்பலகையில் இருப்பதை முத்து முத்தாகப் பார்த்து எழுதிவிடுவான். நோட்டுத் திருத்தும் ஆசிரியர் கண்ணுக்கு ஒரு குறையும் படாது. எழுதிய வரியின் கீழே விரலை வைத்து, "இதை வாசி தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். விரல் அதே இடத்தில் நிற்கும். படிப்பது ஆறாம் வகுப்பு. கடைக்கு அனுப்பினால் சாமான் சரியாக வாங்கி வருவான், ஆனால் கடைக்காரர் கொடுத்த மீதியை எண்ணாமல் கையை மூடியபடியே கொண்டுவந்து அம்மாவிடம் நீட்டுவான். பேச்சு, நடை, முகம் எல்லாம் மற்ற பிள்ளைகளைப் போலத்தான். அதனால்தான் இவனுக்குச் சோம்பேறி, விளையாட்டுப் புத்தி, செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளை என்றெல்லாம் பெயர் வந்து சேர்கிறது. மருத்துவச் சான்றிதழ் முகாம்களுக்குப் பெற்றோர்களோடு துணையாகப் போய்வருகிறவன் நான். அங்கே என்னை அதிகம் வருத்துவது, இப்படிப்பட்ட பிள்ளைகள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த பிறகே வந்து சேருவதுதான்.

இது அபூர்வமான விஷயம் இல்லை. அறிவுசார் குறைபாடு உலக அளவில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் 'லேசான' வகையினர். ஆனால் நம் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தப் பிரிவில் பதிவானவர்கள் நாடு முழுவதும் சுமார் 15 லட்சம் பேர், அதாவது ஆயிரத்துக்கு ஒருவர் சொச்சம். நூற்றுக்கு ஒருவர் எங்கே, ஆயிரத்துக்கு ஒருவர் எங்கே! வாசலில் வந்து கேட்கும் கணக்கெடுப்பாளரிடம் 'என் பிள்ளைக்குக் குறை இருக்கிறது' என்று சொல்ல எந்தத் தாய்க்கு வாய் வரும்? லேசான குறை என்றால் தாய்க்கே அது தெரிந்திருக்காது. இன்னொரு கணக்கும் உண்டு. நுண்ணறிவுச் சோதனைகளில் சராசரி 100. மதிப்பெண்கள் பரவும் விதப்படி, 70-க்குக் கீழே வருவோர் நூற்றுக்கு இரண்டு பேர் அளவில் இருப்பார்கள். 70-க்கும் 85-க்கும் இடையில் நூற்றுக்குப் பதின்மூன்று பதினான்கு பேர். நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் அந்த எல்லைக்கோட்டுப் பகுதியில் மட்டும் ஐந்து பிள்ளைகளை எதிர்பார்க்கலாம். பள்ளியில் 'மெல்லக் கற்போர்' என்று சொல்வது பெரும்பாலும் இவர்களைத்தான்.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளை அங்கீகரிக்கிறது. அறிவுசார் குறைபாடு அதில் ஒன்று, டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கற்றல் குறைபாடுள்ள பிள்ளை பேச்சிலும் யோசனையிலும் வயதுக்கு ஏற்றபடி இருக்கும், எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தடுக்கி விழும். அறிவுசார் குறைபாட்டில் படிப்போடு சேர்ந்து அன்றாட வாழ்க்கைத் திறன்களும் வயதுக்குப் பின்தங்கி நிற்கும். சோதனையும் சான்றிதழும் இரண்டுக்கும் வேறு வேறு.

மருத்துவச் சான்றிதழில் குறைபாட்டின் அளவைச் சதவீதமாகப் போடுவார்கள். பெரும்பாலான சலுகைகளுக்கு வாசல் 40 சதவீதம். லேசான அறிவுசார் குறைபாட்டுக்கு 50 சதவீதம் போடுகிறார்கள். ஆக, 'லேசானதுதானே, இதற்கெல்லாம் எங்கே கிடைக்கப்போகிறது' என்று ஒதுங்கி இருக்க வேண்டியதே இல்லை. பிள்ளை வாசலைத் தாண்டி உள்ளேதான் நிற்கிறது. எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளைக்கு 25 சதவீதம். அது வாசலுக்கு வெளியே. அந்தப் பிள்ளையைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

எங்கே தொடங்குவது? பள்ளியில்தான். வகுப்பாசிரியரிடமோ தலைமையாசிரியரிடமோ சொன்னால், வட்டார வள மையத்தில் இருக்கும் சிறப்பாசிரியர் வந்து பார்ப்பார். அரசுப் பள்ளிகளில் 'நலம் நாடி' செயலி வழியாக ஆசிரியரே முதற்கட்டமாகக் குறித்து அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் ஆண்டுதோறும் வட்டார அளவில் மருத்துவ முகாம் நடக்கும். அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமும் பிள்ளையைக் காட்டலாம். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் குழு அது. பிறந்தது முதல் 18 வயது வரை வளர்ச்சித் தாமதத்தைப் பார்த்து, மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலையில் ஒன்று.

சோதனைக்கு முன்னால் காதையும் கண்ணையும் கட்டாயம் பார்த்துவிடுங்கள். அடிக்கடி காதில் சீழ் வடிந்து பாதி கேட்காமல் இருக்கும் பிள்ளை வகுப்பில் மந்தமாகத்தான் தெரியும். தைராய்டு, ரத்தசோகை, வலிப்பு இவற்றையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கவனித்தால் சரியாகிற விஷயங்கள் இவை. இவற்றை விட்டுவிட்டு நேராக நுண்ணறிவுச் சோதனைக்குப் போவது பிள்ளைக்குச் செய்கிற அநியாயம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். மனநல உளவியலாளர் இரண்டு காரியம் செய்வார். ஒன்று பிள்ளையை உட்காரவைத்துச் செய்யும் நுண்ணறிவுச் சோதனை. மற்றது உங்களிடம் கேட்கும் கேள்விகள். தானாகக் குளிப்பானா, சட்டைப் பொத்தானைச் சரியாகப் போடுவானா, தனியாகக் கடைக்குப் போய் மீதிக் காசு வாங்கி வருவானா, மணி பார்க்கத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். இது வைன்லேண்ட் சமூக முதிர்ச்சி அளவை. மத்திய அரசின் மதிப்பீட்டு விதிமுறைப்படி, சான்றிதழில் ஏறும் சதவீதம் இந்த அளவையின் மதிப்பெண்ணை வைத்துத்தான் வருகிறது. 55 முதல் 69 என்றால் லேசானது, 50 சதவீதம். 70 முதல் 84 என்றால் எல்லைக்கோடு, 25 சதவீதம்.

அந்த அறையில் நடப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். "கடைக்குப் போவானாம்மா?" என்று கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்து, "எல்லாம் போவான் சார், என் பிள்ளை நல்லா செய்வான்" என்பார். நாலு பேர் முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க எந்தத் தாய்க்கு மனசு வரும்? ஆனால் சீட்டில் சாமான் பெயரை எழுதிக் கையில் திணித்து அனுப்புவது அவர். கடைக்காரர் தெரிந்தவர். மீதியை எண்ணிப் பார்ப்பதும் அவரேதான். கேள்வி இதையெல்லாம் கழித்துவிட்டு, பிள்ளை தானாகச் செய்வது என்ன என்பது. பாசத்தில் நாலைந்து 'செய்வான்' கூடிப்போனால் மதிப்பெண் எழுபதைத் தாண்டிவிடும். ஐம்பது வரவேண்டிய இடத்தில் இருபத்தைந்து வரும். குறைத்தும் சொல்ல வேண்டாம், கூட்டியும் சொல்ல வேண்டாம். முகாமுக்கு முந்தின வாரம் ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்: எதைத் தானாகச் செய்கிறான், எதை நினைவூட்டினால் செய்கிறான், எதை நாம் செய்துகொடுக்கிறோம். அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் 'ஸ்வாவ்லம்பன்' இணையதளம் வழியாக விண்ணப்பித்துப் பெறுவது. ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று போதும். இணையம் பழக்கமில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேளுங்கள். ஐந்து வயதுக்குள் தரும் சான்றிதழ் தற்காலிகமானது. வளர வளர மறுமதிப்பீடு உண்டு. 18 வயதில் தருவதே நிரந்தரம். அதனால் செல்லுபடித் தேதியைப் பார்த்து வையுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வு விண்ணப்பம் வரும் நேரத்தில் அது காலாவதியாகி நிற்கக் கூடாது. சதவீதம் தவறு என்று தோன்றினால் மேல்முறையீடு செய்யச் சட்டத்தின் 59-வது பிரிவு இடம் தருகிறது.

ஐம்பது சதவீதம் கையில் வந்தால் என்ன கிடைக்கும்? முதலில் படிப்பு. 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி, அதுவும் பக்கத்துப் பள்ளியிலோ சிறப்புப் பள்ளியிலோ, உங்கள் விருப்பப்படி. இது 31-வது பிரிவு. 'இவனைச் சிறப்புப் பள்ளிக்குக் கொண்டுபோங்கள்' என்று அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி எதுவும் பிள்ளையை வெளியே அனுப்ப முடியாது. பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும் என்கிறது 16-வது பிரிவு. மறுத்தால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதுங்கள்.

அடுத்தது தேர்வு. பொதுத் தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளைத் தமிழ்நாட்டுத் தேர்வுத் துறை வழங்குகிறது. தலைமையாசிரியர் மூலமாக விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு ஒன்பதாம் வகுப்பிலேயே காகிதங்கள் தயாராக இருப்பது நல்லது. ஒரு விஷயத்தை யோசித்து முடிவெடுங்கள்: மொழிப்பாட விலக்கு வாங்கினால் சுமை குறையும், ஆனால் பிறகு சேர நினைக்கும் படிப்புக்கோ வேலைக்கோ அந்த மொழி தேவைப்படலாம்.

பண உதவியில் முதன்மையானது தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை. மாதம் 2,000 ரூபாய். அறிவுசார் குறைபாடு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருப்போருக்கு இது உண்டு. 50 சதவீதப் பிள்ளையும் விண்ணப்பிக்கலாம். 75 சதவீதம் வேண்டும் என்று யாராவது சொன்னால், அது கடுமையான உடல் பாதிப்புள்ளோர் பிரிவுக்கான வரம்பு என்று எடுத்துச் சொல்லுங்கள். பள்ளியில் படிக்கும் சிறப்புத் தேவையுள்ள பெண் குழந்தைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதத்துக்கு ஊக்கத்தொகை இருக்கிறது. சிறிய தொகைதான், ஆனாலும் பெண் பிள்ளையைப் படிப்பை விட்டு நிறுத்திவிடாமல் இருக்க அதுவும் ஒரு காரணம் ஆகட்டும்.

தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-ன் கீழ் வரும் 'நிரமயா' காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவை ஏற்கிறது. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைகளைப் பழக்கும் தொழில்வழிப் பயிற்சி போன்ற சிகிச்சைகளும் அதில் அடக்கம். தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பிள்ளைக்கும் உடன் வருபவருக்கும் கட்டணம் இல்லை. துணையின்றிப் பயணிக்க முடியாத பிள்ளைக்கும் கூட வருபவருக்கும் ரயிலில் இரண்டாம் வகுப்பு, படுக்கை வகுப்பு, மூன்றடுக்கு ஏ.சி. ஆகியவற்றில் 75 சதவீதச் சலுகை. பிற்காலத்துக்கு அரசு உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் குறையாத இடஒதுக்கீடும், அரசு வேலையில் 4 சதவீதமும் உண்டு. அந்த நாலில் ஒரு சதவீதம் ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கானது.

இனி அந்த 25 சதவீதப் பிள்ளை. எண்ணிக்கையில் இவர்களே அதிகம், கிடைப்பதோ மிகக் குறைவு. உதவித்தொகை இல்லை, இடஒதுக்கீடு இல்லை. இது சட்டத்தில் இருக்கும் ஓட்டை என்றே நான் நினைக்கிறேன். 69 வாங்கிய பிள்ளைக்கும் 71 வாங்கிய பிள்ளைக்கும் வகுப்பறையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. ஆனாலும் கையை விரித்துவிட வேண்டியதில்லை. எழுத்திலோ கணக்கிலோ மட்டும் தனியாகப் பெரிய சறுக்கல் இருந்தால், கற்றல் குறைபாட்டுக்கான சோதனையைத் தனியே கேட்டு வாங்குங்கள். எட்டு வயதுக்குப் பிறகு அதைச் செய்யலாம். தொடக்க வகுப்பில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா, எந்த நிலையில் இருக்கிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் 2025-ல் தொடங்கிய 'திறன்' திட்டம் அடிப்படை வாசிப்பும் கணக்கும் பிடிபடாத பிள்ளைகளுக்காகவே வந்தது. அதில் பிள்ளையின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். ஐந்து கணக்குக்குப் பதில் இரண்டு கணக்கு, நீண்ட விடைக்குப் பதில் வாய்மொழி விடை, முன் பெஞ்சில் ஓர் இடம் என்று கேட்பதற்கு எந்தச் சான்றிதழும் வேண்டாம். உளவியலாளர் கொடுத்த அறிக்கையின் நகல் ஒன்றை வகுப்பாசிரியரிடம் கொடுத்துவையுங்கள். ஜூன் மாதம் ஆசிரியர் மாறினால், புது ஆசிரியருக்கு இன்னொரு நகல்.