மூக்குத் தெளிப்பானைக் கேட்டு வரும் பெற்றோருக்கு

மட்டக்களப்பு வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து ஓர் அம்மம்மா, மூன்று வயதுப் பேரனோடு சென்ற மாதம் கிளினிக்குக்கு வந்திருந்தார். பிள்ளை இன்னும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசுவதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை. தாய் குவைத்தில் வேலை செய்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த படமொன்றை அம்மம்மா என்னிடம் காட்டினார். ‘அன்பு ஓமோன்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட ஒட்சிற்றோசின் மூக்குத் தெளிப்பான் அது. “இத வாங்கி அனுப்பவா எண்டு மகள் கேக்கா, டொக்டர்” என்றார்.

வேண்டாம் என்று ஒரே சொல்லில் அனுப்பியிருக்கலாம். ஆனால் காரணம் தெரிந்துகொண்ட குடும்பம்தான் நாளை வேறொரு விளம்பரம் வரும்போதும் நிதானமாக யோசிக்கும் என்று நான் நம்புகிறேன்.

ஒட்சிற்றோசின் ஒன்பது அமினோ அமிலங்களால் ஆன சிறியதொரு நரம்புப் பெப்தைட்டு, அதாவது செய்தி சுமக்கும் குறும் புரதத் துண்டு. மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் உருவாகி, கபச்சுரப்பியின் பின்பகுதி வழியாக இரத்தத்தில் கலப்பதோடு, மூளைக்குள்ளேயும் செய்தி சுமக்கிறது. 1906இல் ஹென்றி டேல் கபச்சுரப்பிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதைக் கண்டார். 1953இல் வின்சென்ட் டு விக்னோ இப்பெப்தைட்டை ஆய்வுகூடத்தில் உருவாக்கி, 1955இல் நோபல் பரிசு பெற்றார். பிரசவ அறையில் வலி வருவதற்காகச் சேலைனில் கலந்து ஏற்றப்படுவதும் இதுவே.

அந்தச் சேலைனை நினைத்துப் பார்த்தால் விடயத்தின் பாதி விளங்கிவிடும். ஐந்தாம் மாதக் கருப்பை இம்மருந்துக்குப் பெரிதாக அசைந்து கொடுப்பதில்லை. நிறைமாதத்திலோ சிறிய அளவுக்கே இறுகிச் சுருங்குகிறது. மருந்து மாறவில்லை, அதைப் பற்றிக்கொள்ளும் வாங்கிகள்தாம் பிரசவம் நெருங்கும்போது கருப்பைத் தசையில் பல மடங்கு பெருகியிருக்கின்றன. வாங்கி என்பது கலத்தின் மேற்பரப்பில் இருக்கும் ஒரு புரதம். அது இல்லாத இடத்தில் ஓமோன் எவ்வளவு வந்து சேர்ந்தாலும் அந்தச் செய்தியைப் பெற்றுக்கொள்ள ஆளில்லை.

மூளையிலும் இதுதான் நடக்கிறது, ஆனால் இன்னும் நுட்பமாக. இவ்வாங்கிகளில் ஒட்டிக்கொள்ளும், கதிரியக்கம் ஏற்றப்பட்ட மூலக்கூறை எலியின் மூளைச் சீவல்மீது ஊற்றி, கழுவி, படச்சுருளில் வைத்தால், வாங்கிகள் செறிந்த இடங்கள் கறுப்பாகப் பதியும். வெவ்வேறு வயதுக் குட்டிகளின் படங்களை வரிசையாக அடுக்கிப் பார்க்கையில் கறுப்புத் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே வருவதைக் காணலாம். சுண்டெலியின் மூளைய மேற்பட்டையில் ஒட்சிற்றோசின் வாங்கிகள் பிறந்து ஏறத்தாழ 14ஆம் நாளில் உச்சத்தை அடைந்து, வளர்ந்த பிறகு குறைந்துவிடுகின்றன. வேறு சில பகுதிகளிலோ பருவமடையும் காலத்தில்தான் பெருகுகின்றன. இறந்தபின் தானமாக வழங்கப்பட்ட மனித மூளைத் திசுக்களின் மரபணுப் பதிவுகளிலும், இவ்வாங்கியின் வெளிப்பாடு சிறுபிள்ளைப் பருவத்தில் உயர்ந்திருப்பது தெரிகிறது. ஆகவே மூன்று வயதுப் பிள்ளையின் மூளை வளர்ந்தவரின் மூளையின் சிறிய வடிவம் அல்ல. அதே செய்தி அங்கே வேறு இடங்களில், வேறு வேலைக்காகக் கேட்கப்படுகிறது. உயிருள்ள ஒரு பிள்ளையின் மூளையில் இந்த வாங்கிகள் எங்கே, எத்தனை இருக்கின்றன என்று சொல்லும் இரத்தப் பரிசோதனையும் கிடையாது. பிறகு எந்த அளவை, எதை நம்பி மூக்கில் அடிப்பது?

பேச்சிலும் பிறரோடு பழகுவதிலும் சிரமம் காட்டும் வளர்ச்சி நிலையான ஓட்டிசம் உள்ள 290 பிள்ளைகள், பதின்வயதினரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வின் முடிவு 2021இல் வெளிவந்தது. இருபத்து நான்கு வாரங்கள் தினமும் தெளிப்பானைப் பெற்றவர்களுக்கும் மருந்தற்ற தெளிப்பானைப் பெற்றவர்களுக்கும் இடையில், பிறரோடு பழகும் தன்மையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இன்னொன்றைச் சொல்லத் தயங்குகிறேன், ஏனெனில் அது எளிதில் தாயைக் குற்றவாளியாக்கிவிடும். பிரெய்ரி வோல் எனப்படும் சிறு கொறிணிகளில், பிறந்த முதல் வாரத்தில் பெற்றோரின் பராமரிப்பை அதிகம் பெற்ற குட்டிகளின் மூளையில், ஒட்சிற்றோசின் வாங்கி மரபணுவின்மேல் படிந்து அதன் செயலை அடக்கும் மெதைல் எனும் இரசாயன அடையாளங்கள் குறைந்து, மூளையின் ஒரு பகுதியில் வாங்கிகள் அதிகரித்திருந்தன. இதைப் படித்துவிட்டு ‘நான் வெளிநாடு போனதால்தான் பிள்ளை பேசவில்லை’ என்று எந்தத் தாயும் முடிவு கட்ட வேண்டாம். அந்த ஆய்வு ஓட்டிசத்தைப் பற்றியதல்ல. தாய் வேலைக்குப் போவதால் ஓட்டிசம் வருவதும் இல்லை. தவிர, அந்த விலங்குகளில் தந்தையும் குட்டிகளைப் பராமரிக்கும். அங்கே கணக்கில் வந்தது தாயின் கை மட்டுமல்ல.

நான் பேசிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அந்தப் பையன் அம்மம்மாவின் சேலைத் தலைப்பை விரல்களுக்கு இடையில் தேய்த்துக்கொண்டே இருந்தான். அவர் பேச்சை நிறுத்திவிட்டுக் குனிந்து அவன் காதருகே மெல்லிய குரலில் ஏதோ முணுமுணுத்தபோது, அவன் அவர் வாயை நிமிர்ந்து பார்த்தான். அன்றைய பரிசோதனையில் எனக்கு மிகவும் பயன்பட்டது அந்தப் பார்வைதான்.

முதலில் கேட்டல் பரிசோதனைக்கும், அதன்பின் பேச்சுச் சிகிச்சைக்கும் எழுதிக் கொடுத்து, கிளினிக் கொப்பியில் அடுத்த திகதியைக் குறித்தேன். தெளிப்பானுக்கென்று தாய் ஒதுக்கி வைத்திருக்கும் காசு, அம்மம்மா பேரனோடு மாதம் இரண்டு முறை ஓட்டோவில் வந்து போகப் போதும் என்றேன். அவர் கைப்பேசியை மறுபடியும் நீட்டி, இதையெல்லாம் என் குரலிலேயே மகளுக்குச் சொல்லும்படி கேட்டார். சொன்னேன், அழைக்கும்போது முதலில் பெயரைச் சொல்லிவிட்டு, அவன் திரையைப் பார்க்கும்வரை காத்திருந்து பேசும்படியும் சேர்த்துச் சொன்னேன்.