கமாண்டோ வேலைக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது

கறுப்பு உடை, முகமூடி, ஹெலிகாப்டரிலிருந்து கயிற்றில் சரசரவென்று இறங்கும் வீடியோ. பார்த்த சூட்டில் "என்.எஸ்.ஜி.யில் சேர எங்கே அப்ளை பண்ணணும்?" என்று கேட்கிற தம்பி தங்கைகளுக்கு: எங்கேயும் இல்லை. 1984-இல் தொடங்கிய அந்தத் தேசியப் பாதுகாப்புப் படையின் கமாண்டோக்கள், ராணுவத்திலோ மத்திய ஆயுதப் படைகளிலோ ஏற்கெனவே வேலையில் இருந்து அயற்பணியில் (டெபுடேஷனில்) வந்தவர்கள். மார்கோஸ் என்ற கடல் கமாண்டோ பிரிவுக்குக் கடற்படை, கோப்ரா என்ற காட்டுப்போர் கமாண்டோ பிரிவுக்கு சி.ஆர்.பி.எஃப். என்று மற்றவற்றுக்கும் முதலில் தாய்ப்படையில் சேர வேண்டும். ஆகவே "கமாண்டோ போஸ்டிங் வாங்கித் தருகிறேன்" என்று பணம் கேட்பவர், இல்லாத ஒன்றை விற்கிறார்.

பத்தாம் வகுப்பு முடித்தவர்களுக்கு இரண்டு வாசல்கள் உண்டு. ஒன்று, முப்படைகளுக்கும் நான்கு ஆண்டுக்கு ஆள் எடுக்கும் அக்னிபத் திட்டம். 2022-இல் அறிவித்தபோது வயது 17½ முதல் 21. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் 23 வரை நீட்டினார்கள். அந்த 23-ஐ இன்னும் நம்பிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பிறந்த தேதி வரம்பைப் பாருங்கள். சாதி அடிப்படையில் வயதுத் தளர்வு இதில் கிடையாது. கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது. நான்கு ஆண்டு முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி என்று மொத்தமாக ஒரு தொகை உண்டு, ஓய்வூதியம் இல்லை. போஸ்டரில் இதைப் பெரிய எழுத்தில் போட மாட்டார்கள்.

இன்னொன்று, சி.ஆர்.பி.எஃப். போன்ற மத்திய ஆயுதப் படைகளுக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி. (மத்தியப் பணியாளர் தேர்வாணையம்) ஜி.டி. கான்ஸ்டபிள் தேர்வு. 2024 முதல் தமிழிலேயே எழுதலாம். இங்கே வயதுத் தளர்வு உண்டு, ஆனால் நம் பிள்ளைகள் அதிகம் தடுக்கி விழுவதும் இங்கேதான். கையில் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்று இருக்கும், அதையே நீட்டுவார்கள். செல்லாது. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலில் இருக்க வேண்டும். மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (ஓ.பி.சி.யில் வசதி படைத்த பிரிவு) வரவில்லை என்று குறிப்பிட்ட சான்றும் வேண்டும். இ-சேவை மையத்தில் வெறுமனே "சாதிச் சான்று" என்று கேட்டால் மாநிலச் சான்றுதான் வரும். "ஓ.பி.சி. சான்று" என்று கேளுங்கள். வி.ஏ.ஓ. லீவு, ஆர்.ஐ. ஃபீல்டுக்குப் போயிருக்கிறார், தாசில்தார் மீட்டிங்கில் இருக்கிறார் என்று நாள் ஓடும்; அறிவிப்பு வருமுன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.

அடுத்த தலைவலி இனிஷியல். மார்க் ஷீட்டில் "முருகன் எஸ்", ஆதாரில் "முருகன் செல்வம்". நமக்கு இரண்டும் ஒரே ஆள்; சரிபார்ப்பு மேசைக்கு இரண்டு ஆள். பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடி ஆதாரை முன்கூட்டியே திருத்துங்கள். ஓ.டி.பி. வருகிற மொபைல் எண் உங்களிடம் இருக்கட்டும், மாமாவிடம் வேண்டாம்.

பச்சை குத்தும் ஆசை இருந்தால் தள்ளிப் போடுங்கள். ராணுவத்தில் முன்கையின் உட்புறத்திலும் புறங்கையிலும் மட்டும் அனுமதி; பழங்குடியினருக்கு மட்டும் விலக்கு.

இவ்வளவுக்கும் அரசு கேட்கிற விண்ணப்பக் கட்டணம் சில நூறு ரூபாய்க்குள்தான். ஒரிஜினல் மார்க் ஷீட்டை எந்தப் பயிற்சி அகாடமியிலும் "பாதுகாப்புக்கு" என்று கொடுத்து வைக்காதீர்கள். வாங்கி வைத்திருந்தால் எழுத்தில் கேட்டுத் திரும்ப வாங்குங்கள். தர மறுத்தால் போலீஸில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள்.