10,000 வோல்ட்டில் பிழைக்கும் யானை 230 வோல்ட்டில் சாவது ஏன்?

2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி பக்கம் ஒரு விவசாய நிலத்தில் மூன்று யானைகள் மின்சாரம் தாக்கிச் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் பிழைத்தன. இப்படி ஒவ்வொரு முறையும் மின்வேலியையே தடை செய்யலாமே என்று கேட்கிறோம். ஆனால் முறையான சோலார் வேலியில் 10,000 வோல்ட் வரைகூட இருக்கும், அதைத் தொட்ட யானை பிளிறிக்கொண்டு ஓடுமே தவிரச் சாகாது. கொல்வது வீட்டிலிருந்தோ மோட்டார் ஷெட்டிலிருந்தோ நேரடியாக வேலிக் கம்பிக்கு இழுத்துவிடும் 230 வோல்ட்.

எல்லாம் நேரக் கணக்குதான். சோலார் வேலியில் எனர்ஜைசர் என்று ஒரு பெட்டி உண்டு. பேட்டரியிலிருந்து மின்னூட்டத்தைச் சேர்த்துவைத்து, நொடிக்கு ஒருமுறை சட்டென்று கம்பியில் விடும். அது நீடிப்பது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. சுளீரென்று வலிக்கும், அடுத்த அடி விழுவதற்குள் விலகிவிடலாம்.

நேரடி லைனில் அந்த இடைவெளி கிடையாது. தும்பிக்கை நுனி எப்போதும் ஈரம், பாதமோ பனி இறங்கிய மண்ணில். மின்சாரம் தும்பிக்கையில் நுழைந்து நெஞ்சைக் கடந்து கால் வழியாக இறங்கும்போது தசைகள் இறுகி, இதயம் தாளம் தப்பி நின்றுவிடும். ஃபியூஸ் போகாதா? போகாது. மோட்டார் ஃபியூஸ் பல ஆம்பியர் தாங்கும், மனிதரைக் கொல்லவோ ஒரு ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். சின்னக் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் கருவி இருக்கிறது, கொக்கி போட்டு இழுத்த கம்பியில் அதை யார் மாட்டப் போகிறார்கள்?

பல இடங்களில் இந்தக் கம்பி காட்டுப்பன்றிக்காகக் கட்டுவது. ஒரே ராத்திரியில் மொத்தச் சோளக்கொல்லையும் போனவருடைய கோபம் நியாயமானதுதான். ஆனால் அதே கம்பியை மிதித்து, தண்ணீர் பாய்ச்சப் போன மனிதர்களும் செத்திருக்கிறார்கள், இதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

சரி, சோலார் வேலியைக் கட்டிவிட்டு மறந்துவிடவும் முடியாது. புல்லோ கொடியோ உரசினால் மின்சாரம் மண்ணுக்குக் கசிந்து அடி வலுவிழக்கும். தந்தத்தில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் கொம்பன்கள் தந்தத்தாலேயே கம்பியை அறுக்கப் பழகிவிடும். சில யானைகள் மரத்தைச் சாய்த்து வேலிமேல் போடும். அதனால் மழைக்காலத்தில் வேலியோரம் அடிக்கடி புல் செதுக்க வேண்டும், இருட்டுவதற்கு முன் வோல்ட் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காப்புக்காட்டை ஒட்டிய நிலமாக இருந்தால், தமிழ்நாட்டின் 2023 விதிகளின்படி வேலியை வனத்துறையில் பதிவு செய்வதும் கட்டாயம்.