ரத்தத்தின் மேல் பழி போடாதீர்கள்

"டாக்டர், இது இவன் ரத்தத்திலேயே ஊறினது. இவன் தாத்தாவும் இப்படித்தான், யார் மேலாவது கை நீட்டாமல் ஒருநாள் போகாது."

பள்ளியில் கூடப் படிப்பவனின் மண்டையை உடைத்துவிட்டு வரும் பையன்களின் வீட்டார் வழக்கமாகச் சொல்வது இது. இந்த மாதமும் கேட்டாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து பையனும் கேட்கிறான். அப்புறம் அவனிடம் தனியாகப் பேசினால், வீட்டில் பெல்ட்டால் அடி வாங்கும் கதை வெளியே வரும்.

இந்த ரத்த நம்பிக்கை படித்தவர்களையும் ஏமாற்றியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மருத்துவர் லொம்ப்ரோசோ, தாடையையும் மண்டையையும் அளந்தே பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடிக்கலாம் என்றார். 1960களில், கூடுதலாக ஒரு ஒய் குரோமோசோம் உள்ள ஆண்கள் முரடர்கள் என்று ஒரு பரபரப்பு. சிறைக்குள் தேடினார்கள், சிறையில் கிடைத்தார்கள்! வெளியே தேடியபோது, கொஞ்சம் உயரமான, நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்தான் பெரும்பாலும் அகப்பட்டார்கள்.

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று சொல்லவில்லை. நியூசிலாந்தின் டுனெடின் நகரில் 1972-73இல் பிறந்த சுமார் ஆயிரம் பேரைக் குழந்தையிலிருந்து தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருட்களைச் சிதைக்கும் எம்ஏஓஏ என்ற நொதி குறைவாக வேலை செய்யும் மரபணு வகை உள்ள ஆண்களைப் பற்றி அதிலிருந்து 2002இல் ஓர் ஆய்வு வந்தது. அவர்களில் சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்களிடம் வன்முறை தூக்கலாக இருந்தது. ஒழுங்காக வளர்க்கப்பட்டவர்களிடம் அதே மரபணு சும்மா கிடந்தது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாவற்றிலும் இது ஒரே அளவில் தெரியவில்லை. ஆனால் அடிபட்டு வளர்வது கெடுதல் என்பதை எந்த ஆய்வும் மாற்றவில்லை.

அடி வாங்கிய எல்லாரும் அடிப்பவர்களாக மாறுவதில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன். 'இது என்னோடு போகட்டும்' என்று நிறுத்திக்கொண்ட அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன்.

பையனை அடிப்பதே இல்லை என்பவர்களிடம் நான் அடுத்துக் கேட்பது அம்மாவைப் பற்றி. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் சுமார் 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் தூங்கிவிட்டதாக நினைக்காதீர்கள்.

"ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா?" தலையில் அடிபட்ட பிறகோ வலிப்பு வந்த பிறகோ குணம் திடீரென்று மாறியிருந்தால் கண்டிப்பாக எடுப்போம். மற்றபடி அந்தப் பணத்தை மிச்சம் பிடியுங்கள்.

இன்று முதல் பெல்ட் இடுப்பில் மட்டும் இருக்கட்டும். பையன் காதுபட 'அப்படியே தாத்தா' என்று சொல்வதை நிறுத்துங்கள். கோபமாக இருக்கும்போது தண்டனை பற்றிப் பேசவே வேண்டாம். குடி இருந்தால் அதற்குத் தனியாகச் சிகிச்சை எடுங்கள், குடி நின்றால் கையும் தானாக நின்றுவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். பள்ளியில் அடிப்பதைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது, 'நல்லா போடுங்க சார்' என்று வாத்தியாரிடம் அனுமதி கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. வீட்டில் அடிபடும் பெண்கள் 181ஐ அழைக்கலாம், குழந்தைகளுக்கு 1098, மனநல ஆலோசனைக்கு 14416.

அடுத்த முறை வரும்போது தயவுசெய்து அப்பாவும் உள்ளே வரட்டும். வாசலில் பைக்கில் உட்கார்ந்து போன் பார்க்க வேண்டாம்.