பெட்டியை முதலில் திறந்தது யார்? ரோல்பிளே ஆட்டமும் சாட் தளமும்

ஆளுக்கொரு பாத்திரமாக நடித்துக் கதையை வளர்க்கும் ரோல்பிளே ஆட்டம் அது. அதை நடத்தும் கேம் மாஸ்டர் எழுதுகிறார்: "அறையின் நடுவே ஓர் இரும்புப் பெட்டி. பூட்டு இல்லை." உடனே எல்லோரும் டைப் செய்ய ஆரம்பிக்கிறார்கள். சூனியக்காரியாக ஆடுபவர் நிதானக்காரர். மூடியை விரலால் நெம்புவது, துரு உதிர்வது, உள்ளிருந்து வரும் வாடை என்று ஒரு பத்தியைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். திருடனாக ஆடுபவரோ "உதைக்கிறேன்" என்று ஒற்றைச் சொல்லைத் தட்டி அனுப்பிவிடுகிறார். பெட்டி கவிழ்கிறது, பாம்பு வெளியே வருகிறது, சண்டை தொடங்குகிறது. அப்புறம்தான் வந்து சேர்கிறது அந்தப் பத்தி. கவிழ்ந்து கிடக்கும் பெட்டியை ஒருவர் மெதுவாகத் திறந்துகொண்டிருக்கிறார்.

ரோல்பிளே குழுக்கள் தளம் தேடும்போது ஸ்டிக்கர் உண்டா, எத்தனை பேர் சேரலாம் என்றுதான் முதலில் பார்க்கின்றன. என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியது வேறு: இப்போது யார் முறை என்பதை அந்தத் தளம் எப்படிக் கையாள்கிறது?

எழுத்து அரட்டையில் நீங்கள் யோசிப்பதும் அழிப்பதும் திருத்துவதும் மற்றவர்களுக்குத் தெரியாது. முடித்து அனுப்பியதும் மொத்தமாகப் போய் விழும். எந்த மெசேஜ் முன்னால், எது பின்னால் என்பதைத் தளத்தின் மையக் கணினியான சர்வர் முடிவு செய்கிறது. டிஸ்கார்ட் என்ற அரட்டைத் தளத்தில் ஒவ்வொரு மெசேஜுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. 2015 ஜனவரி 1 தொடங்கி அதுவரை எத்தனை மில்லி விநாடி கடந்தது என்பது அந்த எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அது மெசேஜ் சர்வரை அடைந்த நேரம். நீங்கள் எழுதத் தொடங்கிய நேரம் எங்கும் பதிவாவதில்லை. நிமிடத்துக்கு 40 சொல் டைப் செய்பவருக்கு 60 சொல் பத்தி ஒன்றரை நிமிட வேலை. அதற்குள் கதை எங்கோ போய்விடும். கேள்வியும் அதன் பதிலும் இப்படி விலகிப்போவதை மொழியியலாளர் சூசன் ஹெரிங் 1999லேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

'டைப் செய்கிறார்' என்ற சின்னக் குறிப்பு இதற்கான பாதி மருந்து. இன்னொருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று தெரிந்தால் பொறுமையுள்ளவர் காத்திருப்பார். ஒரே சேனலில், அதாவது ஒரே அரட்டை அறையில், பத்துப் பேர் எழுதினால் அதுவும் பயனில்லை. அப்போது முறை வரிசையைக் கேம் மாஸ்டர்தான் அறிவிக்க வேண்டும். சேனலில் ஒருவர் அடுத்தடுத்து அனுப்பாதபடி இடைவெளி விதிக்கும் வசதி இருந்தால், சண்டைக் காட்சிகளில் அதை யோசிக்காமல் போட்டுவிடலாம்.

சரி, குரலில் ஆடினால்? அங்கே சிக்கல் இன்னும் நுணுக்கமானது. மனிதர்கள் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்குவதற்கு ஆகும் இடைவெளி சுமார் 200 மில்லி விநாடி. 10 மொழிகளை ஒப்பிட்டு 2009ல் வந்த ஆய்வும் கிட்டத்தட்ட இதே அளவைத்தான் காட்டியது. எதிரில் இருப்பவர் முடிக்கும் முன்பே நம் மூளை பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறது.

இந்த இடைவெளிக்குள்தான் இணையம் நுழைகிறது. உங்கள் குரல் பொதுவாக 20 மில்லி விநாடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஓபஸ் என்ற 2012ஆம் ஆண்டுத் தரத்தில் சுருக்கப்பட்டு, ஒவ்வொரு துண்டும் தனித்தனிப் பொட்டலமாகக் கிளம்புகிறது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர் போகும். 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தோழருக்குப் போய்ச் சேரவே 50 மில்லி விநாடி, அதுவும் நேர்க்கோட்டில் போனால். பொட்டலங்கள் முன்பின்னாக வருவதால் பெறும் முனை சிலவற்றைச் சேர்த்து வைத்துக்கொண்டே ஒலிக்கச் செய்யும். ப்ளூடூத் ஹெட்செட்டும் தன் பங்குக்குச் சேர்க்கும்.

ஒரு வழித் தாமதம் 300 மில்லி விநாடி என்று வையுங்கள். நீங்கள் பேசி நிறுத்தியது அவருக்கு 300 கழித்துத்தான் தெரிகிறது. அவர் இயல்பாக 200ல் பதில் தொடங்குகிறார். அது உங்களை அடைய இன்னொரு 300. உங்கள் காதுக்கு அது 800 மில்லி விநாடி மௌனம். 'தயங்குகிறார்போல' என்று நீங்கள் மறுபடி பேசத் தொடங்க, அவர் குரல் அப்போதுதான் வந்து மோதும். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் "நீங்க சொல்லுங்க" என்பார்கள். யாரும் மரியாதை தவறவில்லை, குற்றவாளி தாமதம்தான். ஒரு வழித் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருப்பது நல்லது என்று பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பரிந்துரைப்பதற்கும் காரணம் இதுவே.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. எழுத்தில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் தங்கும், வரிசை மட்டும் குழம்பும். குரலில் இரண்டுமே காணாமல் போகும். ஆகவே வர்ணனையும் மெதுவான கதையும் பிடித்த குழுவுக்கு எழுத்து. சண்டையும் வாக்குவாதமும் பிடித்த சிறு குழுவுக்குக் குரல். குரலில் ஆடினாலும் பக்கத்தில் ஓர் எழுத்துச் சேனல் வேண்டும். ஊர்ப் பெயர், பாத்திரப் பெயர், பகடை எண் எல்லாம் அதில் தங்கட்டும்.

தங்குவது என்றதும் ஐஆர்சி என்ற பழைய இணைய அரட்டை முறை நினைவுக்கு வருகிறது. 1988ல் பின்லாந்தின் ஔலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினன் எழுதியது. எளிமையானது, வேகமானது, ஆனால் மூல வடிவில் ஞாபகமே இல்லாதது. உங்கள் இணைப்பு அறுந்திருந்த ஐந்து நிமிடத்தில் ராஜா இறந்திருந்தால் யாராவது சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும். ஒரு மெசேஜுக்கு 512 பைட் உச்சவரம்பு வேறு. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் ஆகும். 'பெட்டியை' என்ற சொல்லில் கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 8 குறிகள், அதாவது 24 பைட். அந்த நீளச் சொற்கள் இருபது சேர்வதற்குள் வரி முடிந்துவிடும். டெலிகிராமின் வரம்பு 4,096 குறிகள், டிஸ்கார்டின் இலவசக் கணக்குக்கு 2,000. இவை பைட் கணக்கு இல்லை என்பதால் பத்தி பத்தியாக எழுதலாம்.

கடைசியாகப் பகடை. ஆட்டக்காரர் தன் மேசையில் 20 முகப் பகடையை உருட்டிவிட்டு "20 விழுந்தது" என்றால் நம்பத்தான் வேண்டும். அதனால்தான் பாட், அதாவது சேனலில் தானாகவே பகடை உருட்டிச் சொல்லும் நிரல். எண் யாருடைய கையிலும் இல்லாத கணினியில் பிறந்து, எல்லோர் கண்ணிலும் ஒரே நேரத்தில் படுகிறது. பாட்டை எழுதியவர் அவசரக்காரராக இருந்தால் ஒரு சின்னக் கோணல் வரலாம். 0 முதல் 255 வரை ஒரு சீரற்ற எண்ணை எடுத்து, 20ஆல் வகுத்து, மீதியோடு 1 கூட்டுகிறார் என்று வையுங்கள். 256ஐ 20 சரியாக வகுக்காது. 1 முதல் 16 வரை விழ தலா 13 வழி, 17 முதல் 20 வரை விழ 12 வழிதான். 240க்கு மேற்பட்டதையும் 240ஐயும் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி எடுத்தால் சரியாகிவிடும். ஒரு மாலையில் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் வேடிக்கை. நேர்மையான பகடையை 40 தடவை உருட்டினால் ஒரு 20கூட வராமல் போக 13 சதவீத வாய்ப்பு. கோணல் பகடையில் சுமார் 15. பாட் ஏமாற்றுகிறது என்ற புலம்பலில் பெரும்பகுதி அந்த 13தான்.

முனைக்கு முனை மறையாக்கம் (அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்கும்படி மெசேஜைப் பூட்டுவது) உள்ள செயலிகளில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. அங்கே சர்வருக்கே மெசேஜ் புரியாது. பாட் படிக்க வேண்டுமென்றால் அதையும் சாவியுள்ள ஓர் உறுப்பினராகக் குழுவில் சேர்க்க வேண்டும். சேர்த்ததும் அதை நடத்துபவரால் எல்லாவற்றையும் படிக்க முடியும். அந்தரங்கம் முக்கியம் என்றால் பாட்டை விட்டுவிட்டு, ஒருவர் கேமரா முன் நிஜப் பகடையை உருட்டலாம். பகடை நிற்கும் வரை கை ஃபிரேமுக்குள் வரக்கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.