‘கர்த்தர் சொன்னார்’ என்று சொல்வதற்கு முன்

காரைக்குடியில் மனநல ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நானும் சபைக்குப் போகிறவள் என்பது இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குத் தெரியும். அதனால் டாக்டரிடம் சொல்லத் தயங்குகிற ஒரு வார்த்தையை என்னிடம் கூச்சமில்லாமல் சொல்வார்கள்: “கர்த்தர் என்னோட பேசினார்.” தேவகோட்டை, கல்லல், புதுவயல் என்று எந்த ஊரிலிருந்து வந்தாலும், கத்தோலிக்கரோ சி.எஸ்.ஐ.யோ பெந்தெகொஸ்தேயோ, பேச்சு ஒரு கட்டத்தில் அங்கே வந்து நிற்கும். சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். சிலர் நடுங்கிக்கொண்டே சொல்வார்கள். இன்னும் சிலருக்கு அவர் பேசவே இல்லை என்பதுதான் துக்கம். “பக்கத்து வீட்டு அக்காவுக்கு தினமும் பேசுறாராம் மேடம், எனக்கு மட்டும் ஏன் ஒண்ணும் கேக்க மாட்டேங்குது?”

தேவன் பேசுகிறார் என்று நான் முழு மனதாக விசுவாசிக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவர் சத்தத்தைத் தாங்களே கேட்டுப் பழகாதவர்களைத்தான், அவர் பேரைச் சொல்லி யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் இழுத்துக்கொண்டு போக முடிகிறது. அப்படி இழுபட்டவர்கள் என் அறைக்கு வந்து உட்காரும்போது பெரும்பாலும் ஏதோ ஒன்று கைமீறிப் போயிருக்கும்.

ஒரு தம்பியைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். ஜவுளிக்கடையில் வேலை. சின்ன வயதிலிருந்தே வலிப்பு, மாத்திரையால் கட்டுப்பாட்டில் இருந்தது. அம்மா ஒரு ஆச்சி வீட்டில் சமையல் செய்கிறவர். வீட்டுக் கூட்டத்துக்கு வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் பையன் தலையில் கை வைத்து, “சுகமாயிட்டன்னு கர்த்தர் சொல்றார், இனிமே மாத்திரை போட்டா அது அவிசுவாசம்” என்று சொல்லிவிட்டார். மாத்திரை நின்றது. அந்த வாரமே கடைப் படிக்கட்டில் துணிக்கட்டோடு விழுந்தான். ஒன்று தெளிவதற்குள் அடுத்த வலிப்பு. 108 வந்து தூக்கிக்கொண்டு போனது. பிழைத்துக்கொண்டான்.

அவன் அம்மா என்னிடம் சொன்னது இன்னும் மனதை அறுக்கிறது. “ஒவ்வொரு ராத்திரியும் மாத்திரையக் கையில வச்சு ஜெபம் பண்ணித்தான் எம்புள்ளைக்கிக் குடுப்பேன் மேடம். அதுவும் அவரு செய்யிற சுகந்தான்னு நெனச்சிருந்தேன். அந்த ஐயா அப்படிச் சொல்லவும், நான் இத்தன நாளு கேட்டதெல்லாம் பொய்யாக்கும்னு ஆயிருச்சு.”

“ஏங்க்கா, அவர்ட்ட ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்கலாமே?”

“கேட்டா விசுவாசம் இல்லாதவன்னு சொல்லிருவாங்கள்ல?”

அந்த அம்மா சரியாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரையும் ஜெபமும் ஒரே கையில் இருந்தன. எசேக்கியா ராஜாவுக்குப் பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டிக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பிய கர்த்தருடைய தீர்க்கதரிசியான ஏசாயாதான், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான். வாக்குத்தத்தமும் வைத்தியமும் ஒரே வாயிலிருந்து வந்தன. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் கூட்டிக்கொள்ளச் சொன்னார். அதே பவுலோடு கூடப் பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியன்.

வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குறைந்தது இரண்டு வருடமாவது வலிப்பே வராமல் இருந்தால்தான் டாக்டர்கள் பொதுவாகக் குறைப்பதைப் பற்றி யோசிப்பார்கள், அதையும் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் செய்வார்கள். இன்சுலினும் அப்படித்தான். சிறு வயதில் வரும் முதல் வகைச் சர்க்கரை நோய்க்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகலாம். மனநல மாத்திரைகளை நிறுத்தினால் நோய் உடனே திரும்பாமல், நன்றாகத்தானே இருக்கிறோம் என்ற எண்ணம் வந்தபிறகு சில வாரமோ மாதமோ கழித்துத் திரும்புவதுண்டு. கர்த்தர் சுகமாக்கியிருந்தால் அது பரிசோதனையில் தெரியும். குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசுவே, ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்றுதானே அனுப்பினார்? (வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கிற பழக்கம் இங்கே இன்னும் போகவில்லை. அது உதவாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் 108.)

“திருப்பிக் கேட்டால் அவிசுவாசம்” என்பது வேதத்தில் இல்லாத போதனை. தெசலோனிக்கேயருக்குப் பவுல் எழுதும்போது, தீர்க்கதரிசனங்களை அற்பமாயெண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு, “எல்லாவற்றையும் சோதித்துப்பார்த்து, நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள்” என்கிறார். கொரிந்து சபைக்கு எழுதும்போது, தீர்க்கதரிசிகள் இரண்டு மூன்று பேர் பேசட்டும், மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்கிறார். பேசுகிறவருக்குக் கொடுத்த அதே உரிமையைக் கேட்கிறவருக்கும் கொடுத்திருக்கிறது வேதம்.

சாமுவேலின் கதையை ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்போம். அதில் என்னைத் திரும்பத் திரும்ப நிறுத்துகிறவர் ஏலி. தேவாலயத்திலேயே படுத்துக் கிடந்த பையனுக்கே கர்த்தருடைய சத்தம் தெரியவில்லை. மூன்று முறையும் ஏலி கூப்பிட்டதாக நினைத்து ஓடினான். கேட்பது பிறவியில் வருவதில்லை, பழகித்தான் வரவேண்டும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஏலி கண் மங்கின கிழவர், சொந்தப் பிள்ளைகளை அடக்காதவர். ஆனாலும் அந்த ராத்திரி அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். “கர்த்தர் உன்னிடம் இன்னது சொல்கிறார்” என்று பையனுக்குச் சொல்லவில்லை. “நீ போய்ப் படுத்துக்கொள், உன்னைக் கூப்பிட்டால், கர்த்தாவே சொல்லும், அடியேன் கேட்கிறேன் என்று சொல்” என்று அனுப்பிவைத்தார். காலையில் வந்த செய்தி ஏலியின் வீட்டுக்கே விரோதமான தீர்ப்பு. அதையும் மறைக்காமல் சொல் என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஆவிக்குரிய வழிகாட்டி என்று ஒருவரை நம்பிப் போகிறவர்கள் இதை வைத்துப் பார்க்கலாம். உங்களைக் கர்த்தர் முன்னால் நிறுத்திவிட்டுத் தள்ளி நிற்கிறாரா, உங்களுக்கும் அவருக்கும் நடுவில் நின்றுகொள்கிறாரா? தனக்கு எதிராக வரும் வார்த்தையையும் கேட்கிறாரா? யாரைக் கல்யாணம் செய்வது, வீட்டை விற்பதா வேண்டாமா, நகையை எங்கே கொடுப்பது என்றெல்லாம் “வார்த்தை” கொடுத்து, இரண்டு நாள் யோசிக்கிறேன் என்றால் கோபப்படுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

கேட்கவே முடியவில்லை என்று அழுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, “ராத்திரி எத்தனை மணி நேரம் தூங்குறீங்க? ஒழுங்கா சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?” ஆலோசகர் என்பதால் மட்டும் கேட்பதில்லை. எலியா சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன அன்று, தூதன் கொண்டுவந்த முதல் வார்த்தை “எழுந்திருந்து போஜனம்பண்ணு”. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டான், மறுபடி படுத்துத் தூங்கினான், மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தார்கள். ஓரேப் மலையும் பெருங்காற்றும் பூமியதிர்ச்சியும் அக்கினியும் அதற்குப் பிறகுதான். அவற்றில் எதிலும் கர்த்தர் இருக்கவில்லை. அக்கினிக்குப் பின் அமர்ந்த மெல்லிய சத்தம். அதன்பிறகு அவர் கேட்டது ஒரு கேள்வி: “எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்?” எலியா தன் குறையைக் கொட்டித் தீர்த்தான். பெருங்காற்று வருமுன் குகையில் சொன்ன அதே குறைதான். இரண்டு தடவையும் கர்த்தர் அதைக் கேட்டார். மனச்சோர்வில் இருக்கிறவர்கள் இந்த அதிகாரத்தைப் படிக்கும்போது, கர்த்தர் பேசியதைத் தேடுவதோடு கர்த்தர் கேட்டதையும் பாருங்கள்.

இனி நோயைப் பற்றி. காதில் குரல் கேட்கிறவர்கள் எல்லாரும் நோயாளிகள் இல்லை. தூக்கம் கண்ணைச் சொருகும் நேரத்தில் யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டது போலக் கேட்பது பலருக்கும் உண்டு. கணவனை இழந்தவருக்கு அவர் குரல் வீட்டுக்குள் கேட்டது போலிருப்பதும் துக்கத்தில் சகஜம். ஆனால் குரல் விடாமல் திட்டினால், நீங்கள் செய்வதையெல்லாம் விமர்சித்துக்கொண்டே வந்தால், உன்னையோ இன்னொருவரையோ காயப்படுத்து என்று கட்டளையிட்டால், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் போகவேண்டும். இன்னொன்று: நாலைந்து நாளாகத் தூக்கமே தேவைப்படாமல், வேகவேகமாகப் பேசிக்கொண்டு, தேசத்தையே மாற்றும் பெரிய அழைப்பு வந்திருக்கிறதென்று சேமிப்பையெல்லாம் வாரி இறைக்கிறவர் வீட்டில் இருந்தால், அதை ஆவிக்குரிய எழுப்புதல் என்று கொண்டாடாதீர்கள். பைபோலார் நோயின் உச்சக்கட்டம் இப்படித்தான் இருக்கும்.

நான் அடிக்கடி பார்ப்பதும் சபைகளில் யாரும் பேசாததும் வேறொன்று. பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் தன் மனதில் வந்துவிட்டது, இனி மன்னிப்பே கிடையாது என்று நடுங்கும் பிள்ளைகள். பெரும்பாலும் கல்லூரி வயது. ஜெபிக்க முட்டிபோட்டால் கெட்ட வார்த்தை மனதில் ஓடும். அதைக் கழுவ நூறு தடவை மன்னிப்புக் கேட்பார்கள். கேட்கக் கேட்க அது கூடும். இது ஓ.சி.டி. என்ற நோய். பக்தியுள்ளவர்களின் பக்தியையே பிடித்துக்கொள்ளும் வகை. மார்ட்டின் லூத்தர் துறவியாக இருந்த காலத்தில் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்தும் நிம்மதியில்லாமல் தவித்ததை அவரே சொல்லியிருக்கிறார். இதற்குச் சிகிச்சை உண்டு, பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன் தரும். தயவுசெய்து இந்தப் பிள்ளைகளை விடுதலை ஜெபக் கூட்டத்தில் நிறுத்தி இன்னும் பயமுறுத்தாதீர்கள். தங்களைக் குற்றவாளியாகத் தீர்த்துக்கொண்டே இருக்கும் அந்தச் சத்தத்தைத்தான் அவர்கள் தேவனுடைய சத்தம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அன்றாடம் கேட்பது எப்படி இருக்கும்? ஆத்தங்குடியில் தரைக்கல் போடும் ஒரு அண்ணனிடம் பார்த்தேன். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, சிறு கரண்டியால் ஒவ்வொரு கட்டத்துக்கும் சிமெண்ட் வண்ணம் ஊற்றிவிட்டு, கலையாமல் அச்சைத் தூக்கவேண்டும். பேச்சுக் கொடுக்க முடியாத வேலை. காலையில் படித்த பகுதியிலிருந்து ஒரு வசனத்தை அந்த நேரத்தில் மனதில் போட்டுக்கொள்வாராம். ஒருநாள் மத்தேயு ஐந்தாம் அதிகாரம்: காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்பேரில் சகோதரனுக்குக் குறையுண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப்போய் முதலில் ஒப்புரவாகு. “சத்தமெல்லாம் ஒண்ணும் கேக்கலம்மா. அச்சைத் தூக்குறப்பல்லாம் எந் தம்பி மொகமே வந்துச்சு. ரெண்டு நாளு தள்ளிப் பாத்தேன், போகல.” பாகப்பிரிவினையில் பேச்சு நின்றுபோன தம்பி. மூன்றாம் நாள் சாயங்காலம் அவன் வீட்டு வாசலில் போய் நின்றார். தம்பி உடனே உருகிவிடவில்லை, காபி மட்டும் கொடுத்தான். அண்ணனுக்கு அது போதுமாக இருந்தது.

இதை நான் நம்புகிறேன். வேதத்தோடு ஒத்துப்போகிறது. அவருக்கு லாபமில்லாதது. பயமுறுத்தவில்லை, ஆனால் விடவும் இல்லை. இரண்டு நாள் பொறுத்தும் கலையவில்லை. புது வருஷ ஆராதனையில் எடுக்கும் வாக்குத்தத்த அட்டையும், காலையில் வாட்ஸாப்பில் வரும் வசனப் படமும் ஆறுதலாக இருக்கலாம், தப்பில்லை. ஆனால் மருமகளோடு சண்டை போட்டுவிட்டு “உன் சத்துருக்களை முறியடிப்பேன்” என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டால், கேட்டது நம் கோபத்தைத்தான். ஒரு வசனத்தை அதன் அதிகாரத்தோடு உட்கார்ந்து படிக்கும் பொறுமை வேண்டும்.

ராமநாதபுரம் மாவட்டத்து ஓரியூர்த் திருத்தலத்துக்கு நம் பக்கத்திலிருந்து நிறையப் பேர் போகிறார்கள். 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே உயிர்விட்ட அருளானந்தர் இயேசு சபைத் துறவி. அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தம்மவர்களுக்கு ஒரு பழக்கம் விதித்தார்: நாளில் இரண்டு முறை நின்று, கடந்த மணி நேரங்களை நன்றியோடு திரும்பிப் பார்ப்பது, எது தேவனிடம் நெருக்கியது, எது விலக்கியது என்று கவனிப்பது. இன்னொரு விதியும் அவருடையது: மனம் இருண்டு கிடக்கும் நேரத்தில், தெளிவாக இருந்தபோது எடுத்த முடிவை மாற்றாதே. நான் சி.எஸ்.ஐ. சபைக்காரி. ஆனாலும் வேலையை விடப்போகிறேன், வீட்டைவிட்டுப் போகப்போகிறேன் என்று கலங்கிய மனதோடு வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

போதகர்களுக்கு ஒரு வேண்டுகோள். குரல் கேட்கிறது என்று யாராவது வந்தால், ஜெபிப்பதோடு தூக்கம், சாப்பாடு, மாத்திரை, சாகும் எண்ணம் இந்த நாலையும் விசாரியுங்கள். சாகும் எண்ணம் இருந்தால் தனியாக அனுப்பாதீர்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இருபத்துநாலு மணி நேரமும் தமிழில் இலவசமாகப் பேசுவார்கள். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். முடிந்தால் முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். போதகர் பக்கத்தில் இருந்தால், மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசமா என்ற கேள்வியே அந்தக் குடும்பத்துக்கு எழாது.