நல்லிணக்கத் திரையிடல் நடத்துபவர்களே, மைக்கைக் கீழே வையுங்கள்

மறுபடியும் ஒன்று. ராமநாதபுரம் கடலோரத்து ஊர் ஒன்றில் ‘மத நல்லிணக்கத் திரையிடல்’. பேனரில் கோபுரம், மினாரா, சிலுவை மூன்றும் அங்குலம் பிசகாமல் ஒரே உயரம். வந்த பெரியவர்களுக்கெல்லாம் பொன்னாடை, ஒரு மணி நேரம் பேச்சு, அதற்குப் பிறகு இரண்டேமுக்கால் மணி நேரப் படம். 10 மணிக்கு ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னபோது கதை பாதியில் நிற்கிறது. சனம் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது. மறுநாள் வாட்சப்பில் ‘மாபெரும் வெற்றி’. பள்ளிவாசல் தெருக்காரர் யாராவது கோயில் தெருக்காரரிடம் ஒரு வார்த்தை பேசினாரா என்று கேட்டால் அமைப்பாளர்களுக்குக் கோபம் வருகிறது.

ஒற்றுமையைச் சொல்லும் படத்தைப் போட்டால் ஒற்றுமை வந்துவிடும் என்ற நினைப்புதான் எல்லாவற்றையும் கெடுக்கிறது. மூன்று மதத்து நண்பர்கள் கட்டிப்பிடித்து அழுகிற படத்தை ஓட்டிப் பாருங்கள். முதல் பத்து நிமிடத்திலேயே ஒவ்வொருவரும் தன் மதத்தின் பிரதிநிதியாக நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார். நம்ம ஆளுக்கு எத்தனை சீன், யார் தியாகம் செய்கிறான், யார் மன்னிப்புக் கேட்கிறான் என்று கணக்கு ஓடும். படம் முடிந்ததும் பேச வருவது அந்தக் கணக்குதான். போதாக்குறைக்கு நம் சினிமா வார்த்துவைத்திருக்கும் அச்சுகள்: பிரியாணி பாய், குடிகாரக் கிறிஸ்தவர், காமெடிப் பூசாரி. அமைப்பாளருக்கு அது சிரிப்பு. அந்தத் தெருவிலிருந்து வந்தவருக்கு அது முள்.

இன்னொன்று. இந்தக் கரைக்கு ஒற்றுமைப் பாடம் புதிதாகத் தேவையில்லை. ஏர்வாடி தர்கா சந்தனக்கூட்டுக்கும் எல்லோரும் போகிறார்கள். 1693இல் கிறிஸ்தவப் புனிதர் அருளானந்தர் தலை வெட்டப்பட்ட ஓரியூருக்கும் எல்லோரும் போகிறார்கள். இவர்களிடம் குறைவது உட்கார்ந்து பேச ஒரு சந்தர்ப்பம். அதைக் கொடுக்கத்தான் படம்.

ஆகவே மதத்தைப் பற்றிய படத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். புயல், தண்ணீர், வளைகுடாவுக்குப் போன கணவன், பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று எல்லா வீட்டிலும் இருக்கிற சங்கதியைச் சொல்லும் 30 முதல் 45 நிமிட ஆவணப்படமோ குறும்படமோ போதும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் போன்ற ஒன்றைப் பற்றிய படமாக இருந்தால், “அன்னைக்கு ராத்திரி உங்க வீட்டுப் பெரியவங்க எங்க ஒதுங்குனாங்க?” என்ற ஒரே கேள்வியில் மூன்று தெருவும் பேசும். “மற்ற மதங்களைப் பற்றி உங்கள் கருத்து என்ன?” என்று கேட்டுப் பாருங்கள், மனப்பாடம் செய்த பதில்தான் வரும்.

முடிவு செய்யும் முன் ஒவ்வொரு தெருவிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் கட்டாயம் பெண், படத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். டிரெய்லர் பார்த்து முடிவெடுப்பவர்களுக்கு என்னிடம் சொல்ல வேறொன்றும் இல்லை.

நேரக் கணக்கு. ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி வேண்டும். திறந்தவெளியில் இரவு 10 மணிக்கு மேல் கூடாது. இங்கே சூரியன் மறைவது சுமார் 5.50க்கும் 6.40க்கும் இடையில், உடனே மஃரிப் (மாலைத் தொழுகை). இருட்டித் திரை தெளியும்போது இஷா (இரவுத் தொழுகை) வந்துவிடும். இஷா கூட்டுத் தொழுகை நேரத்தை அந்தந்தப் பள்ளிவாசலில் கேட்டுக்கொண்டு, 8.15க்குப் படத்தைத் தொடங்கி 9 மணிக்கு முடியுங்கள். அதன் பிறகு முக்கால் மணி நேரம் பேச்சுக்கு. இரண்டேமுக்கால் மணி நேரப் படம் ஏன் கூடாது என்று இதற்கு மேல் விளக்க வேண்டுமா?

வெள்ளிக்கிழமை, நோன்பு மாதம், தேவாலயத்தில் சனி மாலைப் பூசை உள்ள ஊரில் சனி, ஊர்வலம் போகும் நாட்கள், சேதுக்கரைக்கும் ராமேசுவரத்துக்கும் கூட்டம் போகும் ஆடி, தை அமாவாசைகள், இவற்றைத் தவிருங்கள். விசைப்படகு கடலுக்குப் போகிற இரவில் ஆண்கள் ஊரில் இருக்க மாட்டார்கள்; மீனவர் சங்கத்தில் கேட்டால் சொல்வார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம்தான் நல்ல காலம்.

ஆனால் தடைக்காலத்தின் பின்பாதியில் கச்சான் என்கிற மேல்காற்று எழும்பிவிடும். 12 அடித் திரை அதில் பாய்மரப் பாயாகி சவுக்குக் கம்பையே பிடுங்கும். சுண்ணாம்பு அடித்த சுவர் கிடைத்தால் திரையே வேண்டாம். துணிதான் என்றால் கட்டடத்தின் காற்று மறைவில் கட்டி, கீழ் விளிம்பை மட்டும் சைக்கிள் டியூப் துண்டுகளால் இழுத்துக் கட்டுங்கள். காற்றுக்குக் கொடுத்து வாங்கும், கிழியாது. 10 அடி அகலப் படத்துக்கு 3,500 லுமென் புரொஜெக்டர், சுமார் 15 அடி தள்ளி. குழாய் ஸ்பீக்கர் கட்டாதீர்கள், வசனம் ஒன்றும் விளங்காது. இரண்டு பாக்ஸ் போதும். ஜெனரேட்டரைக் காற்று போகிற பக்கம் 100 அடி தள்ளி வையுங்கள்.

இடம் எந்த வழிபாட்டுத் தலத்தின் வளாகமாகவும் இருக்கக் கூடாது. மீன் ஏலக்கூடம், அரசுப் பள்ளி மைதானம், புயல் காப்பகம், இப்படி யாரும் யாருக்கும் விருந்தாளியாக இல்லாத இடம். பெண்களுக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்பதைப் பெண்களிடமே கேளுங்கள், அவர்கள் வீட்டு ஆண்களிடம் அல்ல. மீன் விற்கப் போகிறவருக்குக் காலை ஆகாது. கீழக்கரைப் பக்கம் பலருக்கு இரவு ஆகாது.

அனுமதி விஷயத்தில் ஒரு வார்த்தை. “டிக்கெட் இல்லையே, இலவசம்தானே” என்பது செல்லாது. ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்க்க மட்டும். படத்தின் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். குறும்பட இயக்குநர்கள் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள். தணிக்கைச் சான்றிதழையும் பாருங்கள். பிள்ளைகள் முன்வரிசையில் இருக்கும்போது யு மட்டும், மிஞ்சினால் யுஏ 7+.

இனி முக்கியமானது. படம் முடிந்ததும் விளக்கை முழுசாகப் போடாதீர்கள், பாதி போதும்; பளிச்சென்று வெளிச்சம் வந்தால் செருப்பைத் தேட ஆரம்பிப்பார்கள். டீயும் சுண்டலும் அப்போது வரட்டும், படத்துக்கு முன்னால் அல்ல. ஆறு முதல் எட்டுப் பேராக, தெரு கலந்து, வட்டமாக உட்காரச் சொல்லுங்கள். நுழையும்போதே வட்டத்துக்கு ஒரு நிறமாக, தெரு கலந்து சீட்டு கொடுத்துவிட்டால் பிரிப்பது சுலபம். மைக் வேண்டாம். மைக் கைக்கு வந்தால் நம் ஊரில் யாருக்கும் மேடைப் பேச்சுதான் வரும். ஜமாஅத் தலைவர், பங்குத்தந்தை, கோயில் நிர்வாகி, ஊராட்சித் தலைவர் யாரும் முதலில் பேசக் கூடாது. அவர்கள் பேசிவிட்டால் மற்றவர்கள் அதற்கு ஆமாம் போடத்தான் செய்வார்கள். இதை முன்னாலேயே வீட்டுக்குப் போய் மரியாதையாகச் சொல்லிவிடுங்கள், பெரும்பாலும் புரிந்துகொள்வார்கள்.

முதல் கேள்வி படத்தைப் பற்றி: “எந்த இடத்தில் பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினீர்கள்?” இரண்டாவது வீட்டைப் பற்றி. மூன்றாவது வேண்டியதில்லை, தானாக வரும். “எங்க ஆளுங்க”, “உங்க ஆளுங்க” என்று ஆரம்பித்தால் “நீங்க, உங்க வீட்டுல?” என்று மெதுவாகத் திருப்புங்கள். வாட்சப்பில் வந்த ஒன்றை யாராவது எடுத்துவிட்டால் அடக்காதீர்கள்; அடக்கினால் வெளியே போய்ப் பேசுவார். “இது நம்ம ஊர்ல நடந்துச்சா? யார் பார்த்தா?” என்று மட்டும் கேளுங்கள். பல நேரம் அங்கேயே காற்று இறங்கிவிடும். நிஜமாக நடந்த பிணக்கு என்றால், பெரும்பாலும் வலை, இடம், கடன் என்று வேறெங்கோ தொடங்கியிருக்கும். அதை அன்று இரவே தீர்க்க முயலாதீர்கள்.

தயவுசெய்து, கைகூப்பிக் கேட்கிறேன்: பேச்சு நேரத்தில் யாரும் போனில் படம் பிடிக்க வேண்டாம். அமைப்பாளரும்தான். நடுவே வெட்டிய 30 விநாடி வீடியோ ஒன்று வெளியே போனால், நம்பிப் பேசிய அந்தப் பெண் அடுத்த முறை வர மாட்டார்.

அடுத்த முறை என்று ஒன்று இருக்க வேண்டும். அதே ஆட்கள், மாதம் ஒரு திரையிடல், குறைந்தது நான்கு. கலையும் முன் அடுத்த தேதியையும், யார் வீட்டுப் பாய், எந்தத் தெரு டீ என்பதையும் பேசி முடித்துவிடுங்கள். டீச் செலவை ஒரே தெரு தொடர்ந்து ஏற்க விடாதீர்கள்.